நின்ற காரின் சூடு

சண்முகத்திடம் செத்துப்போன இக்னிஷன் மாட்யூல் ஒன்றைக் கொடுத்தால் போதும். அது எப்படிச் செத்தது, யார் செய்த தப்பால் செத்தது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். அவர் வேலையே அதுதான். கஸ்பாவில், பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பழைய பெட்ரோல் கார்களுக்கு மாட்யூல் செய்து விற்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. புதுக் கார்களில் அந்த வேலையையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கல்கத்தாவில் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. அவர்கள் வாங்கிய மாட்யூல் புகைந்துபோனால் திட்டிக்கொண்டே திருப்பி அனுப்புவார்கள். அது நேராக சண்முகத்தின் மேஜைக்கு வரும்.

மாட்யூல் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்பு வில்லை. காயிலுக்குப் போகிற மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுவது அதன் வேலை. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளக்கில் ஒரு பொறி. பொறி இல்லாவிட்டால் கார் வெறும் தகரம். இந்த வில்லைக்கு எமன் என்று ஒன்று உண்டென்றால் அது சூடு. இன்ஜினின் சூடு, தன் வயிற்றுக்குள்ளேயே உண்டாகிற சூடு, போதாததற்கு ஊர்ச் சூடு. அந்தச் சூட்டை எப்படி வெளியே தள்ளுகிறார்கள் என்பதில்தான் ஒரு கம்பெனி சரக்குக்கும் இன்னொரு கம்பெனி சரக்குக்கும் வித்தியாசம். சந்தையில் கிடைக்கிற எல்லா மாட்யூலையும் வாங்கிவந்து, ஹீட்டர் பெட்டியில் வரிசையாக வைத்து வேகவிட்டு, எது முதலில் மண்டையைப் போடுகிறது என்று பார்ப்பதும் சண்முகத்தின் பொறுப்பு. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதைத்தான் செய்கிறார்.

அப்படிப்பட்டவர் தன் சொந்தக் காரில் அடுத்தடுத்து மூன்று மாட்யூலைக் கருக்கினார் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏன் கருக்கினார் என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவருடைய அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலையாக சாந்த்ராகாச்சி யார்டுக்கு வந்தவர். சண்முகம் பிறந்தது குவார்ட்டர்ஸில், டிப்ளமா படித்தது ஹௌராவில். வீட்டில் தமிழ் பேசுவார், தெருவில் வங்காளத்தில் சண்டை போடுவார், மனதுக்குள் கணக்கு எந்த மொழியில் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது. மனைவி நீலாவதிக்குச் சோளிங்கர் பக்கம். இருவருக்கும் ஒரே மகள், மிருதுளா. இருபத்தெட்டு வயது. சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில், சாஃப்ட்வேர் வேலை.

மகள் என்றால் சண்முகத்துக்கு உயிர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வராது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிற்பதுதான். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பஸ் வருகிறவரை வாசலில் நின்றார். காலேஜ் போனபோது பஸ் ஸ்டாப்பில் நின்றார். வேலைக்குப் போனபோது, மழை பெய்தாலோ பந்த் என்றாலோ, காரை எடுத்துக்கொண்டு அவள் ஆபீஸ் வாசலிலேயே போய் நின்றார். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள் என்று மிருதுளா அழுதே விட்டாள். அடுத்த நாள் வாசலில் நிற்காமல் ஒரு தெரு தள்ளி நின்றார். திருந்தியது அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மிருதுளா பாலிகஞ்சில் தனியாக ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டாள். காரணம் கேட்டால் பஸ் என்றாள். சாந்த்ராகாச்சியிலிருந்து ஆபீஸ் போய்வருவதற்குள் உயிர் போகிறது என்றாள். அது பாதிக் காரணம். மீதியை அம்மாவிடம்தான் சொன்னாள்.

“எனக்குன்னு ஒரு கதவு வேணும்மா. உள்ள தாப்பா போட்டா, ஏன் போட்டேன்னு யாரும் கேக்கக் கூடாது.”

“எனக்கும்தான் வேணும். யாரு குடுக்கறா?” என்றாள் நீலாவதி. சொல்லிவிட்டு மகளுக்குக் குக்கரும் தோசைக்கல்லும் கட்டிக் கொடுத்தாள். சண்முகம் அந்த ஃபிளாட்டில் ஃபேன் மாட்டினார், குழாய்க்கு வாஷர் போட்டார், அந்தக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் அவர் கையாலேயே அடித்துக் கொடுத்தார்.

முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்குச்சட்டி நிறையக் கத்தரிக்காய்க் குழம்போடு போய்க் காலிங் பெல் அடித்தார். உள்ளே அவளுடைய ஆபீஸ் சிநேகிதர்கள் நாலைந்து பேர், ஒரே சிரிப்பு, பாட்டு. மிருதுளா அப்பாவை உட்காரவைத்தாள், டீ கொடுத்தாள், எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் பாட்டு நின்றது. தரையில் சரிந்து கிடந்தவர்கள் எழுந்து நேராக உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் ஃபோனில், நயமாகத்தான் சொன்னாள்.

“அப்பா, வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிட்டு வாங்கப்பா. ப்ளீஸ்.”

ஊரில் எந்தப் பிள்ளையும் எந்த அப்பாவிடமும் சொல்லக்கூடியதுதான். சண்முகத்துக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. ஃபோன் பண்ணினால் என்ன? ‘வாங்கப்பா’ என்பாள். இல்லாவிட்டால் ‘இன்னிக்கு வேணாம்பா’ என்பாள். அந்த இரண்டாவதைக் காதால் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. அதனால் ஃபோனே பண்ணவில்லை. நீலாவதி பாட்டுக்கு ஃபோன் பண்ணுவாள், ‘வேணாம்’ என்றால் விட்டுவிட்டு வேறு நாள் போவாள், மகளோடு கரியாஹாட்டில் புடவைக் கடை புடவைக் கடையாக ஏறி இறங்கிவிட்டு ஒன்றுமே வாங்காமல் வருவாள்.

“நீங்களும் கேட்டுட்டுப் போங்களேன். கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?”

“எனக்கு வேல இருக்கு.”

அந்த வேலை என்ன தெரியுமா? சாயந்திரம் கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், மகள் இருக்கிற தெருவுக்குள் காரைத் திருப்பி, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, எதிர் வரிசையில் இரண்டாம் மாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பால்கனியில் அவள் துண்டு காயும். சில நாள் துண்டு மட்டும்தான். விளக்கு எரிந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அது தெரிந்தால் போதும், கிளம்பிவிடலாம் என்று நினைப்பார். கிளம்பமாட்டார். மகளாகவே இருந்தாலும் இது முறையில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் அவள் அறைக்கதவு திறந்தே கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் அவர் படுக்கப் போக வேண்டியிருக்கிறது. மனிதர் என்ன செய்வார்?

போன வருஷம் மே மாதம். நின்ற காருக்குள் உட்கார்வது இட்லிப் பானைக்குள் உட்கார்கிற மாதிரி இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, டாஷ்போர்டிலிருந்து கொஞ்சம் காற்று வரட்டும் என்று சாவியை மறுபடி ஆனுக்குத் திருப்பிவைத்தார். கஸ்டமர்களுக்கு அவர் வாய் ஓயாமல் சொல்கிற புத்திமதியே, நின்ற வண்டியில் சாவியை ஆனில் வைக்காதீர்கள் என்பதுதான். இன்ஜின் சுற்றாதபோதும் மாட்யூல் வழியாகக் காயிலுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். வெட்டும் வேலை இல்லை, வெளிக்காற்றும் இல்லை. மாட்யூல் உட்கார்ந்த இடத்திலேயே வேகும். நல்ல டிசைன் என்றால் இன்ஜின் நின்றதுமே தானாக மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். சண்முகத்தின் காரில் இருந்தது அந்த வசதி வருவதற்கு முந்திய பழைய சரக்கு. மாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்தே தள்ளிப்போட்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. பார்த்தார். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. என்ன நடந்தது என்று பானட்டைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் வேறு வழியில்லை, இருட்டிக்கொண்டு வந்தது, டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஃபோன் பண்ணினார். காரணம் கையில் இருந்ததால் பேச்சு சுலபமாக வந்தது.

“மிருது, வண்டி நின்னுபோச்சும்மா. இங்க… உன் தெருவுலதான்.”

“என் தெருவுலயா? ஏ மா!” என்று வங்காளத்தில் பதறினாள். “இருங்க, வர்றேன்.”

செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். டாஷ்போர்டு டப்பாவில் கிடந்த ஸ்பேர் மாட்யூலை அவர் எடுக்க, அவள் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தலையோடு தலை இடிக்கக் குனிந்து பார்த்தாள். “இது என்னப்பா, பிஸ்கட் மாதிரி?” என்று கேட்டாள். அவ்வளவுதான், சண்முகம் மடை திறந்துவிட்டார்.

“இது டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளயே உக்கார்ற டிசைன்மா. வயர் கம்மி, செலவு கம்மி. ஆனா இன்ஜின் சூடு பூரா இது தலையிலதான் விடியும். இன்னொரு டிசைன்ல மாட்யூலத் தனியா வெளிய எடுத்துடுவாங்க. பட்டை பட்டையா ரெக்க வச்ச அலுமினியத் தகட்டுல உக்கார வச்சு, தள்ளி, மட்கார்டு ஓரமா மாட்டிடுவாங்க. வயர் நீளமா இழுக்கணும், வேல ஜாஸ்தி. ஆனா காத்து படும், ஆயுசு கெட்டி.”

“இந்த வெள்ளையா தடவறீங்களே, அது?”

“சூடு இதுலேருந்து தகட்டுக்குப் போறதுக்கு. மெலிசா தடவணும். நெறைய போட்டா நல்லதுன்னு நெனச்சு எல்லாரும் அப்பி வச்சிடுவாங்க. அப்பினா சூடு வெளிய போகாது.”

மிருதுளா சிரித்தாள். “நீங்க அப்பற ஆளுதானேப்பா.” வெளிச்சத்தை ஆட்டாமல் பிடித்தபடி சொன்னாள்: “நானும் அந்த ரெண்டாவது டிசைன்தான்னு வச்சிக்கோங்களேன். கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கேன், அவ்ளோதான். வயரு அறுந்துபோகல.”

சண்முகம் இறுக்கி முடித்த ஸ்குரூவையே இன்னொரு தரம் இறுக்கினார். கார் பிடித்துக்கொண்டதும் மிருதுளா முன் சீட்டில் ஏறிக்கொண்டு, “பசிக்குதுப்பா, ரோல் வாங்கித் தாங்க” என்றாள். கரியாஹாட்டில் நின்றுகொண்டே ஆளுக்கொரு முட்டை ரோல் சாப்பிட்டார்கள். அவள் தன் மேனேஜர் பேசுவதைப் போலப் பேசிக்காட்டினாள். அவருக்குப் புரை ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. மகளோடு அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

அந்த ஒரு சாயந்திரத்தை வைத்துக்கொண்டு அவர் பல மாதம் ஓட்டினார். சாப்பிடும்போது அதை நினைப்பார். ஹீட்டர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நினைப்பார். இன்னொரு தரம், ஒரே ஒரு தரம், அப்படி நடக்காதா என்று ஏங்கினார். அதற்கு ஒரு ஃபோன் போதும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. அவர் புத்தி வேறு பக்கம் போயிற்று.

கம்பெனி மேஜையில், ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிய சாம்பிள்களில் ஒரு வகை இருந்தது. எந்த ஊரில் எவன் செய்ததோ, பெயரில்லாத சரக்கு. அடித்தகடு அப்பளம் மாதிரி மெலிசு, உள்ளே நிரப்பியிருந்த பசையில் பாதி மண், இன்ஜின் நின்றால் மின்சாரத்தை நிறுத்துகிற ஏற்பாடு அறவே கிடையாது. ஹீட்டர் பெட்டியில் வைத்தால் முதலில் கண்ணை மூடுவது அதுதான். சண்முகமும் கூட வேலை செய்கிற தபனும் அதற்குத் தகரப்பயல் என்று பெயரே வைத்திருந்தார்கள். ‘ரோட்ல ஓட்டிப் பாக்கறேன்’ என்று சொல்லி அதில் சிலவற்றை சண்முகம் எடுத்துப்போனார். சூடு தாங்கும் மாட்யூலுக்காகக் கம்பெனியில் முதலாளியோடு மல்லுக்கு நின்ற மனிதர், இருப்பதிலேயே மட்டமானதைப் பொறுக்கி எடுத்துத் தன் காரில் மாட்டிக்கொண்டார்.

துர்கா பூஜைக்கு முந்திய புழுக்கத்தில் அது செத்தது. மிருதுளா வந்தாள், ஆனால் காதில் ஹெட்ஃபோனோடு வந்தாள். யாரோடோ மீட்டிங். ஒரு கையால் வெளிச்சம் காட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் மண் குவளையில் ஆளுக்கொரு டீ குடித்தார்கள், அவ்வளவே. அதுவும் அவருக்குப் போதுமாகத்தான் இருந்தது. இல்லை, போதவில்லை. போதாததால்தான் இந்த வருஷம் சித்திரை வெயிலில் மூன்றாவதைக் கருக்கினார்.

அந்தத் தடவை மிருதுளா மட்கார்டில் சாய்ந்து நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.

“இது உங்க கம்பெனி மாட்யூலாப்பா?”

“ம்.”

“இவ்ளோ மட்டமா? நீங்கதானே செக் பண்றீங்க?”

அவருக்கு நாக்கில் என்னென்னவோ வந்தது. எங்கள் சரக்கு பெட்டியில் வெந்தாலும் அசராது, தெரியுமா? விழுங்கினார். “இப்பல்லாம் அப்படித்தாம்மா வருது” என்றார். தன் கை வேலையைத் தானே பழித்தது அவருக்கு எரிந்தது. அதைவிட எரிந்தது இன்னொன்று. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. வெளிச்சம் பிடித்த கையைத் திருப்பி மணிக்கட்டில் நேரம் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. காருக்காக வந்திருக்கிறாள், கெட்டுப்போன காருக்காக. அதில் அப்பாவுக்காக வந்தது எவ்வளவு என்று இவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

கருகிய மாட்யூலைக் கம்பெனியில் திரும்பிவந்த சரக்கோடு சரக்காகப் போட்டுவைத்தார். இரண்டு நாளில் அதை எடுத்து உடைத்தவன் தபன். சண்முகத்தைவிட வயதில் சின்னவன், ஊர் வழக்கப்படி அவரை ‘தாதா’, அதாவது அண்ணன் என்று கூப்பிடுகிறவன், வாய் நீளம். வங்காளத்தில் சத்தமாகச் சொன்னான்.

“தாதா, இந்தத் தகரப்பயலப் பாருங்க, நம்ம சரக்குன்னு நெனச்சு அனுப்பிட்டாங்க போலருக்கு. இன்ஜின் சூட்டுல போகல, உள்ளேருந்தே வெந்திருக்கு. எவனோ நின்ன வண்டில சாவிய ஆன்ல வச்சிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கான். ஒண்ணு மஃப்டி போலீஸ், இல்லன்னா காதலன்.”

“காதலன்னா எதுக்குக் கீழயே உக்காரணும்? மேல போறது?” என்றார் சண்முகம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “அவ கூப்பிட்டிருக்கமாட்டா.”

“இவன் கேட்டிருக்கமாட்டான் தாதா. கேக்கத் தெரிஞ்சவன் எதுக்கு பேட்டரியத் தீத்துக்கிட்டு உக்காந்திருக்கான்?”

தபன் அடுத்ததை எடுத்து உடைக்கப் போய்விட்டான். சண்முகத்துக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்கே திருந்தியிருக்கலாம். ஆனால் ஏக்கம் பிடித்த மனுஷனுக்குப் புத்தி சொல்வதும் மாட்யூலுக்குப் புத்தி சொல்வதும் ஒன்றுதான். மே மாதத்தில் ஒரு நாள், ஊரே ஒரு மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு தகரப்பயலை மாட்டிக்கொண்டு மகளின் தெருவுக்குப் போனார்.

தெரு அனலாகக் கொதித்தது. எல்லா ஜன்னலும் சாத்திக் கிடந்தன. இரண்டாம் மாடியில் பால்கனிக் கதவுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் போலிருக்கிறது. இந்தச் சூட்டுக்கு அரைமணி தாங்காது என்று சண்முகம் மனதுக்குள் கணக்குப் போட்டார். இன்ஜினை அணைத்தார், சாவியை ஆனுக்குத் திருப்பினார், சட்டைக் காலரைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பானட்டிலிருந்து பசை கருகும் வாடை வரும். அப்புறம் ஃபோன் பண்ணலாம். அவள் வருவாள்.

வாடை வரவில்லை. வந்தது காற்று. வடமேற்கே கன்னங்கரேலென்று ஒரு மேகம் எழும்பியதை அவர் கவனிக்கவேயில்லை. திடீரென்று தெருப் புழுதியெல்லாம் சுருண்டு கிளம்பியது, இஸ்திரிக்காரரின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்தது, எங்கோ ஒரு தகரம் தடதடவென்று உருண்டது. “கால்பைசாகி! கால்பைசாகி!” என்று மொட்டை மாடிகளில் கூச்சல்; கோடையில் திடீரென்று வரும் புயல்மழைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். அடுத்த நிமிஷம் மழை சாய்ந்து அடித்தது. ஊரே இதற்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கிடந்தது. சாத்தியிருந்த ஜன்னல்கள் எல்லாம் படபடவென்று திறந்தன. சண்முகத்தின் கார் பானட்டிலிருந்து ஆவி கிளம்பி அடங்கியது. ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தார், இரும்பு சில்லிட்டுக் கிடந்தது.

இடி முழக்கத்தோடு முழக்கமாகச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி ஆனில் வைத்துக் காத்திருந்தார். மறுபடி திருப்பினார், மறுபடி பிடித்தது. இந்தக் குளிரில் தகரப்பயலுக்கு அழிவே இல்லை. அவர் மேஜையில் எத்தனையோ நல்ல மாட்யூல்கள் செத்திருக்கின்றன, இந்தக் கேடுகெட்டது சாகமாட்டேன் என்கிறது. சண்முகம் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

அப்போதுதான் மிருதுளா பால்கனிக்கு வந்தாள். துண்டை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மழைக்கு நீட்டினாள். கூந்தல் அவிழ்ந்து காற்றில் பறந்தது. தனியாக, தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். இந்த மிருதுளாவை சண்முகம் பார்த்ததே இல்லை. வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஆபீஸ் முன்னாலும் நின்று நின்று பார்த்தது வேறு யாரையோ. அவருக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரி ஆசை வந்தது. மேலே ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்றும் பேசவேண்டாம், நின்றால் போதும்.

ஃபோனை எடுத்தார். மழை அதற்குள் தூறலாக இளைத்துவிட்டது. வண்டி நின்றுபோச்சு என்று சொன்னால் போதும், அவள் நம்புவாள், இறங்கிவருவாள். மேலே அவள் உள்ளே போய் ஃபோனோடு திரும்பி வருவது தெரிந்தது.

“என்னப்பா?”

“மிருது, வண்டி…” என்று ஆரம்பித்தார். அந்த நனைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலே பொய் வரவில்லை. “வண்டி நல்லா ஓடுதும்மா. ஒரு கோளாறும் இல்ல. உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு. வரட்டுமா?”

ஃபோனிலும் தூறல் சத்தம், கார்க் கண்ணாடியிலும் அதே தூறல் சத்தம்.

“இன்னிக்கு வேணாம்பா” என்றாள்.

இரண்டு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். வலித்தது. ஆனால் நினைத்த இடத்தில் வலிக்கவில்லை.

“கோச்சுக்காதீங்கப்பா. ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் சும்மா நிக்கறேன். மழை பாத்துக்கிட்டு.”

“கோவமெல்லாம் இல்லம்மா. நீ பாரு.”

“ஞாயித்துக்கிழம வாங்க. காலைலயே வந்துடுங்க. நீங்க மட்டும் வாங்க, அம்மா எப்பவும்தான் வர்றா.” பறந்த கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். “நீங்க இப்படிக் கேட்டதே இல்லயேப்பா.”

“ம்.”

“எங்கேருந்து பேசறீங்க? நனையறீங்களா?”

அவள் இன்னும் கொஞ்சம் எட்டி, இடது பக்கம் பார்த்தால் கார் தெரியும். தெரிந்தால் இறங்கி வந்துவிடுவாள். மழை போய்விடும், அந்தச் சிரிப்பும் போய்விடும்.

“இல்லம்மா, கம்பெனிலதான் இருக்கேன். இனிமேதான் கெளம்பணும்.”

“பாத்துப் போங்க.”

ஃபோனை வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள், கையை வெளியே நீட்டித் தூறலைப் பிடித்துக்கொண்டு. சண்முகம் சாவியில் கை வைத்தார், எடுத்துவிட்டார். தெரு இப்போது நிசப்தமாக இருந்தது. இந்தக் காரின் சத்தம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவள் யூனிஃபார்ம் போட்ட நாளிலிருந்து கேட்ட சத்தம்.

சத்தம் வராமல் கதவைத் திறந்து இறங்கினார். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு கையை ஜன்னல் வழியாக விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஐம்பத்தேழு வயது உடம்பு. தூறலும் வியர்வையுமாகச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கார் மெல்ல உருண்டது.

தார்ப்பாயைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்த இஸ்திரிக்காரர் ஓடிவந்து பின்னால் கை கொடுத்தார். “வண்டி நின்னுபோச்சா தாதா?”

“இல்ல பாய்” என்றார் சண்முகம் தாழ்ந்த குரலில். “நல்லாத்தான் ஓடுது. அந்த முனை வரைக்கும் தள்ளுங்க.”